சாவிக்காரனுக்கு ஒரு வசனம்

செப்டெம்பர் 9, திங்கள்

எழுதச் சொல்லியிருக்கிறார்கள். துக்க ஆலோசனை என்று மாதம் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைக்கும் வெள்ளைக்காரப் பெண், "பேச வராவிட்டால் எழுதுங்கள். உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள்" என்றாள். என்னை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு முன்னமே தெரியும். என் மனைவி தவமலர் போய்ப் பதினான்கு மாதமாகிறது.

சரி. பெயர் குலசிங்கம். வயது ஐம்பத்தெட்டு. லண்டன் டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடையின் வாசலோரம் ஆறடிக்கு நாலடி இடத்தில் சாவி வெட்டுகிறேன். முன்பு வீட்டுச் சாவிதான். இப்போது பிழைப்பு கார்ச் சாவியில். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துவாரம் இருக்கிறது. அதில் என் மெசினைச் செருகினால், புதுச் சாவியை அந்தக் காருக்கு அறிமுகம் செய்து வைக்கலாம். அதன் பிறகு கார் அந்தச் சாவியைத் தன் சாவி என்று நம்பிவிடும்.

இவ்வளவு தெரிந்த எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்கு முறை பரீட்சைக்குப் போய் நான்கு முறையும் கோட்டை விட்டேன்.

காலை இரண்டு துண்டுப் பாணும் பருப்பும். மத்தியானம் அதே பருப்பு. இரவும் அதுவே.

செப்டெம்பர் 11, புதன்

பாண், பருப்பு. மழை.

செப்டெம்பர் 14, சனி

ஒரு பெண் வந்து கார்ச் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று நின்றாள். பதிவுப் பத்திரமும் லைசென்சும் இருக்கிறதா என்றேன். வீட்டில் என்றாள். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வா என்றேன். திட்டினாள். திட்டட்டும். பத்திரம் பாராமல் நான் யாருக்கும் கார்ச் சாவி செய்ததில்லை. இருபது வருடமாக இந்தத் தெருவில் மரியாதையோடு நிற்பது அதனால்தான்.

பின்னேரம் சுகிர்தா ரீச்சர் வந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்து போகும்போது காரை மூலையில் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்பார். கத்தரிக்காய்க் கறி ஒரு டப்பா தந்தார்.

"சாப்பிடுறியளோ, இல்லாட்டி இன்னும் பருப்புத்தானோ?"

"பருப்புக்கு என்ன குறை, ரீச்சர்?"

"உங்கடை முகத்தைப் பாத்தால் தெரியுது என்ன குறையெண்டு."

அவரைப் பற்றி எழுத வேண்டும். தவமலருக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர் ரீச்சர். பதினெட்டு முறை. நான் போனது இரண்டு முறை. கடையைப் பூட்ட முடியாது என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அந்த அறையின் மணம் எனக்குத் தாங்கவில்லை.

தவமலரின் இடது தோளுக்குக் கீழே, மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்குள் ஒரு குமிழ் வைத்திருந்தார்கள். காரில் சீற் பெல்ற் அதன்மேல் உரசி நோகும். அதற்காகத் தன் மாம்பழக் கலர்ச் சேலையில் ஒரு துண்டு வெட்டி, பஞ்சு வைத்துத் தைத்து, சின்னத் தலையணை மாதிரி ஒன்று செய்தாள். தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் சேப்டிப்பின்களில் இரண்டைக் கழற்றி, ரீச்சருடைய காரின் பெல்ற்றில் அதைக் குத்தி வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ரீச்சர் அதைக் கழற்றவில்லை. கார் மூலையில் நிற்கும்போது கண்ணாடி வழியாக மஞ்சளாகத் தெரியும். நான் பார்க்காத மாதிரிப் பார்ப்பேன்.

செப்டெம்பர் 18, புதன்

இன்று ஒரு ஆள் வந்தான். நிரூபன் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல சப்பாத்து, நல்ல தமிழ். கடைக்கு வருகிறவர்கள் சாவியை நீட்டிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். இவன் என்னைப் பார்த்தான்.

"நீங்கள் கரவெட்டியோ அண்ணை? கதை காட்டிக் குடுக்குது."

என் பேச்சை வைத்து ஊர் சொல்லி எத்தனை வருடம்! அரை மணி நேரம் நின்று கதைத்தான். வேறு வேலையே இல்லாதவன் மாதிரி. போகும்போது, "நாளைக்கு வாறன், சிங்கண்ணை" என்றான். சிங்கண்ணை! ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

செப்டெம்பர் 19, வியாழன்

வந்தான். சுடச்சுட மட்டன் ரோல்ஸ் நான்கு. இரண்டு அவனுக்கு, இரண்டு எனக்கு. வாசலில் நின்றே தின்றோம்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

மகள் ஆரணி ஞாயிறுதோறும் டொராண்டோவிலிருந்து போன் எடுப்பாள். "எப்பிடி அப்பா?" "நல்லா இருக்கிறன்." "சாப்பாடு?" "பிரச்சினை இல்லை." இதற்குமேல் எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றாது. தாய் இருந்தபோது போன் ஒரு மணி நேரம் ஓடும். இன்று என்னிடம் சொல்வதற்குச் செய்தி இருந்தது.

நிரூபன் படக் கம்பனியில் வேலை செய்கிறான். இங்கிலாந்துப் படம், ஆங்கிலப் படம். லண்டனில் கார் திருடும் கூட்டத்தைப் பற்றிய திகில் படமாம். படத்தில் ஓடுவதற்கும் இடிப்பதற்கும் ஏலத்தில் பழைய கார்கள் எடுக்கிறார்களாம். அவற்றுக்குச் சாவி இருக்காது. சாவி செய்ய நம்பிக்கையான ஆள் வேண்டும். என்னைக் கேட்டிருக்கிறான்.

"படமோ?" என்றாள் ஆரணி. அவள் குரல் இப்படி உயர்ந்து கேட்டு எவ்வளவு காலம். பதினேழு நிமிடம் கதைத்தோம்.

செப்டெம்பர் 24, செவ்வாய்

காலை ஆறரைக்கு நிரூபன் என்னை ஏற்றிக்கொண்டு மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக்குப் போனான். தகர ஷெட். உள்ளே கறுப்பு நிறப் பெரிய கார் ஒன்று. பத்திரம் எங்கே என்றேன். "எல்லாம் கம்பனி ஒபிசிலை கிடக்கு, அண்ணை" என்று போனில் ஒரு கடிதம் காட்டினான். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்துவிட்டேன். கடிதத்தின் தலைப்பு நன்றாக இருந்தது.

நான் ஒரு காரியம் செய்தேன். பட வேலையைப் பூசை போடாமல் தொடங்கக் கூடாது என்று தமிழனுக்குத் தெரியாதா? தேங்காய், கற்பூரம், நான்கு எலுமிச்சை, குங்குமம் எல்லாம் பையில் கொண்டு போயிருந்தேன். டயர் நான்குக்கும் எலுமிச்சை வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன். நிரூபனோடு நின்ற டோனி என்ற வெள்ளைக்காரன் புகையைக் கண்டு பதறிப் போய்க் கதவை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். நிரூபன் சிரித்தான். ஆனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். அது எனக்குப் பிடித்தது.

குங்குமத்தை முன்னால் வைத்தால் படத்தில் விழும் என்று அவன் சொன்னதால், பெற்றோல் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள். இனி ஒவ்வொரு காருக்கும் அப்படி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

வேலை பதின்மூன்று நிமிடம்.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்னொரு கார். பின் சீற்றில் பிள்ளையை இருத்தும் கதிரை, அதில் பாதி கடித்த அப்பிள். கடிவாய் கறுக்கக்கூட இல்லை. பட வேலை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும். ஒரு குடும்பம் இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். நிரூபனிடம் சொன்னேன். "ஓம் அண்ணை, டிரெக்டர் நுணுக்கமான ஆள்" என்றான்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆரணி இருபத்திரண்டு நிமிடம் கதைத்தாள். படத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். இன்னும் வைக்கவில்லை என்றேன். நிரூபன் அப்படித்தான் சொன்னான்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நேற்றே மெசினையும் அரங்களையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துப் பூச் சாத்தியிருந்தேன். இன்று அவற்றை எடுத்துக்கொண்டு மிச்சம் போனேன். கார் நான்காவது.

முடிந்ததும் நிரூபன் என் தோளில் கை போட்டான்.

"சிங்கண்ணை, உங்களுக்கு ஒரு பாட் வைச்சிருக்கு."

"என்ன பாட்?"

"படத்திலை. சாவிக்காரன். பொலிஸ் வந்து கேக்கும். நீங்கள் ஒரு வசனம் சொல்ல வேணும்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதித் தந்தான். "ஐ டோண்ட் நோ எனிதிங், ஒபிசர். ஐ ஒன்லி கட் கீஸ்."

"முகத்திலை ஒண்டும் தெரியக் கூடாது அண்ணை. அதுதான் முக்கியம். தினமும் சொல்லிப் பழகுங்கோ."

பின்னேரம் ரீச்சர் வந்தபோது படத்தைப் பற்றிச் சொன்னேன். கண்ணைச் சுருக்கினார். "எந்தக் கம்பனி?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கறி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆரணிக்கு வசனம் சொல்லிக் காட்டினேன். "எனிதிங் எண்டு சொல்லேக்கை நாக்கைப் பல்லிலை வையுங்கோ அப்பா" என்றாள். முப்பது தரம் சொல்ல வைத்தாள். பக்கத்தில் மருமகனும் சிரிப்பது கேட்டது. நாற்பது நிமிடம். தவமலர் இருந்தால் நான் செய்யும் கூத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

அக்டோபர் 21, திங்கள்

கண்ணாடிக்கு முன்னால் ஐம்பது தரம். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்பதுதான் கஷ்டம். எனக்கு எல்லாம் முகத்தில் தெரியும் என்று தவமலர் சொல்வாள்.

இன்று கார் ஏழாவது. சீற் இன்னும் சூடாக இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார்கள். நாலரைக்கே இருட்டு. எனக்கு இந்த ஒரு மணி நேரத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நிரூபன் மத்தியானம் சாப்பிட வருகிறேன் என்றிருந்தான். கடையைப் பூட்டிவிட்டு ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். வடை சுட்டேன். தவமலர் போன பிறகு இந்த வீட்டில் எண்ணெய் காய்ந்தது இன்றுதான். புகை அலாரம் அடித்து, கதிரையில் ஏறி நின்று துவாயால் வீசினேன்.

ஒரு மணி. இரண்டு மணி. போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றரைக்கு நானே தட்டு வைத்துச் சாப்பிட்டேன். எதிரே அவனுக்கு வைத்த தட்டைக் கழுவாமலே திரும்ப அடுக்கினேன். கறி நன்றாகத்தான் வந்திருந்தது.

நவம்பர் 6, புதன்

காலை ஒரு கார். வெள்ளி நிறம். பதினோராவது. வேலை முடிந்தது.

பின்னேரம் சின்னத் துணி ஒன்றைக் கையால் துவைத்து ஹீற்றரில் காயப் போட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

பாண், பருப்பு.

நவம்பர் 9, சனி

ரீச்சர் வரவில்லை. மூலையில் வேறு யாருடையவோ வான் நின்றது.

நவம்பர் 10, ஞாயிறு

ஆரணி வசனத்தைச் சொல்லச் சொன்னாள். தொண்டை சரியில்லை என்றேன். ஆறு நிமிடம்.

நவம்பர் 12, செவ்வாய்

நிரூபன் கூப்பிட்டான். காய்ச்சல் என்றேன். மெசினைத் துடைத்து வைத்தேன். அதிலிருந்த அழுக்கு, குண்டூசியால் கிளறிக் கிளறி எடுத்தும் போகவில்லை.

நவம்பர் 16, சனி

ரீச்சர் நடந்து வந்தார். தோளில் பள்ளிக்கூடக் கொப்பிகள் நிறைந்த பெரிய பை. மூச்சு வாங்கியது. அவரே சொன்னார்.

"காரைக் களவெடுத்துக்கொண்டு போட்டாங்கள், சிங்கம். பத்து நாளாச்சு. கார்த் திறப்பு என்ரை கைப்பைக்குள்ளை பத்திரமாக் கிடக்கு. கார் மட்டும் இல்லை."

"இன்சூரன்ஸ்?"

"அது தருவாங்கள், எப்பவோ. இப்ப புஷ்பராணியைக் கொண்டு போகத்தான் வழியில்லை. தெரியுமெல்லே, மலருக்குப் பிறகு அவவைத்தானே மருந்துக்குக் கொண்டு போறனான். போன கிழமை ரெண்டு பஸ் மாறிப் போய், பாதியிலை குமட்டிச் சத்தி எடுத்து, இறங்கித் திரும்பிட்டா. இந்தக் கிழமை வரமாட்டன் எண்டுட்டா."

நான் ஒரு சாவியை எடுத்து அராவிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே அராவின சாவி.

"கார் போனாப் போகட்டும்" என்றார் ரீச்சர். "மலரின்ரை அந்தத் துணி போட்டுதே. புஷ்பராணிக்கும் அதுதான் உதவினது. அதுகும் காரோடை போட்டுது." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துணி என் சேட்டுப் பையில் இருந்தது. அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறது. நான் அடுத்த சாவியை எடுத்து அராவினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

எழுத வேண்டியதை எழுதாமல் பாண் பருப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன்.

ஆறாம் தேதி காலை ஷெட்டுக்குள் அந்தக் காரைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம்பர்த் தகடு வேறு. ஆனால் முன் சீற்றின் பெல்ற்றில் மாம்பழக் கலர் துணி. இரண்டு சேப்டிப்பின். ஒன்று கொஞ்சம் வளைந்தது. அதை வளைத்தவள் தவமலர், பூட்டிக் கிடந்த ஜாடி மூடியைக் கிளப்பப் போய்.

நிரூபன் பின்னால் நின்றான். "என்ன அண்ணை, நேரம் போகுது" என்றான்.

நான் குனிந்தேன். மெசினைச் செருகினேன். சாவியைச் செய்தேன். பதின்மூன்று நிமிடம். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஐம்பது தரம் பழகிய முகம். பிறகு அவன் டோனியோடு கதைத்துக்கொண்டு நின்ற நேரம் துணியைக் கழற்றிப் பையில் வைத்தேன். வழக்கம்போல மூடியைத் திறந்து குங்குமப் பொட்டும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு அவன் காரிலேயே ஏறிக் கடைக்கு வந்தேன். வழியில் பாட்டுப் போட்டான்.

அப்பிள் கறுக்காமல் இருந்தபோதே எனக்குத் தெரியும். இன்னும் சொன்னால், அந்தக் கடிதத்தைப் படிக்காமல் இருக்கத்தான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். செப்டெம்பரில் ஒரு பெண்ணிடம் பத்திரம் கேட்டு விரட்டின மனிதன் நான். இவனிடம் கேட்டிருந்தால் இவன் போயிருப்பான். ரோல்ஸும் போயிருக்கும். சிங்கண்ணை என்ற பெயரும் போயிருக்கும். ஆரணியின் நாற்பது நிமிடமும்.

அதற்காகப் பதினொரு வீட்டுக் காரை விற்றேன்.

இன்று அவள் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

நிரூபன் கடைக்கே வந்தான். கையில் ரோல்ஸ் பை.

"காய்ச்சல் எப்பிடி அண்ணை? நாளைக்கு ரெண்டு கார் இருக்கு."

"படத்துக்கு என்ன பேர், நிரூபன்?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"சிங்கண்ணை, ரெண்டு மாசம். ஒருநாளாவது கமரா எங்கையெண்டு நீங்கள் கேக்கேல்லை."

"நான் இனி வரேல்லை."

"அது உங்கடை விருப்பம். வேறை ஆள் பாக்கலாம்." பையை மேசையில் வைத்தான். குனிந்து, தணிந்த குரலில் சொன்னான். "ஆனா வசனத்தை மறந்துபோடாதேங்கோ. அது உங்களுக்காகத்தான் எழுதினது. பதினொரு திறப்பும் ஆரின்ரை கையாலை வந்தது எண்டு யோசியுங்கோ."

போய்விட்டான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபம் இல்லை. நாளைக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. வெட்கக்கேடு.

ரோல்ஸைக் குப்பையில் போட நினைத்தேன். பசித்தது. இரண்டைத் தின்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ரீச்சர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் சேட்டுப் பையிலிருந்து துணியை எடுத்து மேசையில் வைத்தேன்.

கையில் எடுத்தார். முகம் அப்படி மலர்ந்தது. "ஐயோ, எங்கை கிடந்தது? கார் கிடைச்சிட்டுதோ?"

அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். முதல் காரிலிருந்து, பூசையிலிருந்து, வசனம் வரைக்கும். ரீச்சர் துணியை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

"இது பெல்ற்றிலை கிடந்ததைப் பாத்துப்போட்டும் திறப்பைச் செய்தனீங்கள்."

"ஓம்."

"பொலிசுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எனக்கு ஏன் சொல்லுறியள்? நான் பரவாயில்லை எண்டு சொல்ல வேணுமெண்டோ?"

அதற்காகத்தான் போயிருந்தேன். அவர் சொல்லும்வரை எனக்கே தெரியவில்லை.

"பதினெட்டுத் தரம் மலர் என்ரை காரிலை இருந்தவ" என்றார். "ஒருதரம் கூட உங்களிலை ஒரு குறை சொன்னதில்லை. அவருக்கு ஆஸ்பத்திரி ஒத்துவராது, பாவம் எண்டுதான் சொல்லுவா. நானும் அப்பிடியே நினைச்சிட்டன்." எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "இதையும் கொண்டு போங்கோ. பொலிசிட்டைக் குடுக்க வேண்டியது."

தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

கடையைத் திறக்கவில்லை. குளித்தேன். திருநீறு பூசினேன். கலியாணத்துக்குப் போகிற கோட்டைப் போட்டேன். மெசின், சாவிக் கட்டைகள், தவமலரின் துணி, குங்குமச் சிமிழ், இந்தக் கொப்பி. எல்லாம் ஒரு பைக்குள். கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வைத்தேன். பொலிஸ் நிலையத்துக்கு ஒரே பஸ்தான். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

நவம்பர் 23, சனி

இது புதுக் கொப்பி. பழையதை வைத்துக்கொண்டார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்து முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதுவாராம். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றாள் அந்த ஆலோசனைப் பெண். இனி என் பாணையும் பருப்பையும் நீதவான் வரைக்கும் படிக்கப் போகிறார்கள்.

புதன்கிழமை பத்தே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இளம் பொலிஸ்காரி. ஆரணி வயது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடி, "உங்களுக்கு இந்தக் கார்களைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

சத்தியமாக எழுதுகிறேன், அந்த வசனம் அப்படியே நாக்கின் நுனிக்கு வந்தது. எவ்வளவு சுத்தமாக வந்தது! எனிதிங் என்ற சொல்லுக்கு நாக்கு தானாகவே பல்லுக்குப் போய் நின்றது. முகமும் தானாகவே வெறுமையாகிவிட்டது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

நான் பைக்குள் கை விட்டுத் துணியை எடுத்து மேசையில் வைத்தேன். அதன் பிறகு முகத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

"ஐ நோ எவ்ரிதிங், ஒபிசர்" என்றேன். "ஐ கட் த கீஸ்."

நான்கு மணி நேரம். ஷெட் இருக்கும் இடம், நிரூபன், டோனி, பதினொரு கார், தேதிகள். பெற்றோல் மூடிக்குள் பொட்டு வைத்ததைச் சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை. சிமிழைத் திறந்து ஒரு கடதாசியில் வைத்துக் காட்டினேன். ஏன் வைத்தாய் என்றாள். நல்லாய் ஓட வேண்டும் என்று, என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

மெசினை எடுத்துக்கொண்டார்கள். துணியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நம்பர் எழுதினார்கள். வழக்கு வரும் என்றார்கள், வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

நேற்று அந்தப் பொலிஸ்காரியே போன் எடுத்தாள். துறைமுகத்தில் ஒரு கொண்டெய்னருக்குள் நான்கு கார். தகடும் இல்லை, நம்பரும் சுரண்டியிருந்ததாம். மூடியைத் திறந்து பார்த்தார்களாம். நான்கிலும் சிவப்புப் பொட்டு. ஒன்று வெள்ளி நிறம்.

இன்று பள்ளி விடும் நேரம் ரீச்சர் தெருவின் மறுபக்கத்தால் நடந்து போனார். கடைப் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து நின்றேன். அவர் போய் முடியும்வரை நின்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆரணி கூப்பிட்டாள். மூன்று தரம் விட்டுவிட்டு நாலாவது தரம் எடுத்தேன்.

"என்ன அப்பா, ரெண்டு கிழமையாச் சத்தமில்லை? ஷூட்டிங் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"உங்கடை சீன்? வசனம் சொன்னனீங்களோ?"

"சொன்னனான் பிள்ளை. ஆனா மாத்திச் சொல்லிப்போட்டன்."

சிரித்தாள். "ஐயோ அப்பா, முப்பது தரம் சொல்லித் தந்தனான்! என்னெண்டு மாத்தினீங்கள்?"

ஆறு நிமிடத்தில் போனை வைத்துவிடலாம். தொண்டை சரியில்லை என்று இன்னொரு தரம் சொல்லலாம். தவமலரின் படத்தைப் பார்த்தேன். அந்தப் படத்திலும் அதே மாம்பழக் கலர்ச் சேலைதான்.

"அவசரம் இல்லாட்டி இரு, பிள்ளை" என்றேன். "அம்மாவை ரீச்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன கார் ஞாபகமிருக்கோ? அதிலையிருந்து சொல்ல வேணும்."

மறுபக்கம் சிரிப்பு நின்றது. "சொல்லுங்கோ அப்பா" என்றாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கதைத்தோம்.